தாராவி முதல் செம்பூர் வரை: ஆட்டிசம் குறித்த நாட்குறிப்பு

ஏப்ரல் 2

ஐக்கிய நாடுகள் அவையின் தீர்மானப்படி 2008 முதல் கடைப்பிடிக்கப்பட்டு வரும் உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள் இன்று. பிறரோடு உறவாடுவதிலும் கருத்தைப் பரிமாறுவதிலும் வேறுபாடு, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் நாட்டம், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகிய கூறுகளைக் கொண்ட நரம்பு வளர்ச்சி நிலையே ஆட்டிசம் எனப்படுகிறது. 1943-இல் 11 குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை விவரித்த மருத்துவர் லியோ கான்னர், அவர்களுடைய பெற்றோர் பலரிடம் கனிவு குறைந்திருந்ததாகவும் எழுதினார். அக்குறிப்பு பின்னாளில் தாயின் பாசக்குறைவே காரணம் என்னும் கொள்கையாகத் திரண்டு, ஒரு தலைமுறைத் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. ஆட்டிச நிலையிலுள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-இல் வெளியிட்ட நூல் அக்கொள்கையைத் தகர்த்தது. ஆயினும் மும்பையின் சால் குடியிருப்புகளில் "டிவி முன்னாலயே உட்கார வச்சுட்டா", "வேலைக்குப் போயிட்டா" என்று தாயைச் சுட்டும் பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

ஏப்ரல் 19

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 நடைமுறைக்கு வந்தது 2017-இல் இதே நாளில்தான். அது பட்டியலிடும் 21 குறைபாடுகளுள் ஆட்டிசமும் ஒன்று என்பதால், பெற்றோர் அதற்குக் குறைபாட்டுச் சான்றிதழ் பெற முடிகிறது. சான்றிதழுக்கு அடிப்படையாகும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் 40 கூறுகளைக் கொண்டது. குழந்தையை நேரில் கவனித்தும் பெற்றோரிடம் கேட்டும் ஒவ்வொரு கூறுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடப்படுகிறது. கூட்டுத்தொகை 70-ஐ எட்டினால் இலேசான ஆட்டிசம் என்றும், 153-ஐத் தாண்டினால் கடுமையானது என்றும் கொள்ளப்படுகிறது. கண்ணோடு கண் பார்க்கிறதா, கைகளை உதறுகிறதா, சொன்ன சொல்லையே எதிரொலிக்கிறதா என்னும் கேள்விகளுக்கு விடை சொல்லும்போதுதான், தாம் அடம் என்று எண்ணியிருந்தது வேறொன்று என்பது பல பெற்றோருக்கு விளங்குகிறது.

ஜூன் 16

மகாராஷ்டிரத்தில் பள்ளிகள் திறக்கும் வாரம். தாராவித் தமிழ்க் குழந்தைக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், அரசு அலுவலகத்தில் மராத்தி என நான்கு மொழிகள் காதில் விழுகின்றன. பேச்சு தாமதமாகும் குழந்தையிடம் ஆங்கிலம் மட்டுமே பேசுமாறு கூறப்படும் அறிவுரையை நம்பி, ஆங்கிலம் சரளமாக வராத தாயும் பாட்டியும் குழந்தையிடம் பேசுவதையே குறைத்துக்கொள்ளும் அவலம் நேர்கிறது. இரு மொழிச் சூழலில் வளர்வதால் ஆட்டிசக் குழந்தையின் மொழி வளர்ச்சி மேலும் பின்தங்குவதில்லை என்றே இதுவரையிலான ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே தாலாட்டும் கொஞ்சலும் எந்த மொழியில் இயல்பாக வருகின்றனவோ, அந்த மொழியில் பேசுவதே தகும். ஆட்டிசக் குழந்தையின் தந்தையான எஸ். பாலபாரதி எழுதிய 'ஆட்டிசம் சில புரிதல்கள்' போன்ற நூல்கள், இந்த அறிவைத் தமிழிலேயே பெற முடியும் என்பதற்குச் சான்று.

விநாயக சதுர்த்தி

தாராவியின் 90 அடிச் சாலையில் ஊர்வலத்தின் டோல்-தாஷா மேளம் முழங்கும்போது, பத்துக்குப் பத்து அறையின் மூலையில் காதுகளை இறுகப் பொத்தியபடி அலறும் குழந்தைக்குக் கண்ணேறு கழிப்பதோ அதட்டுவதோ பயன் தராது. புலன்களின் வழி வரும் தூண்டல் தாங்கும் அளவை மீறும்போது உண்டாகும் இந்நிலை புலன் மிகைச்சுமை எனப்படுகிறது. ஊர்வலம் வரும் நேரத்தை விழா நடத்தும் மண்டலிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தல், காதை மூடும் ஹெட்போனைப் பழக்குதல், அடுத்த தெருவிலுள்ள உறவினர் வீட்டுக்கு இரண்டு மணி நேரம் அனுப்புதல் ஆகியவையே உதவும். இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் அக்கம்பக்கத்தார் ஒத்துழைத்தால் மட்டுமே நடப்பவை.

அக்டோபர் 10

உலக மனநல நாளான இன்று, குழந்தையைப் போலவே அதை வளர்ப்போரின் சோர்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் மணிக்கணக்கில் கட்டணம் கேட்கும் நகரத்தில், தினக்கூலிக் குடும்பம் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும் என்ற கேள்விக்கு ஒரு விடை கோவாவிலிருந்து வந்தது. அங்கும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், நிபுணர் அல்லாத உள்ளூர்ப் பணியாளர்கள் பயிற்சி பெற்று வீடு தேடிச் சென்று பெற்றோருக்கு வழிகாட்டினர். அதன் பயனாகப் பெற்றோர் குழந்தையின் குறிப்பறிந்து பதிலளிப்பதும், குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடின. மும்பையில் 2001-இல் தொடங்கப்பட்ட உம்மீத் குழந்தை வளர்ச்சி மையம் குடும்பத்தையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்கிறது; ஃபோரம் ஃபார் ஆட்டிசம் பெற்றோர்களே நடத்தும் அமைப்பு. இத்தகைய துணை கிட்டாத குடும்பங்களே, ஸ்டெம் செல் சிகிச்சையால் ஆட்டிசம் குணமாகும் என்னும் விளம்பரங்களுக்கு எளிதில் இரையாகின்றன. ஆட்டிசத்துக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அன்று.

டிசம்பர் 30

ஆட்டிசம் உள்ளிட்ட நான்கு குறைபாடுகளுக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இல் இந்நாளில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. இதன்கீழ் இயங்கும் நிராமயா காப்பீட்டுத் திட்டம், உறுப்பினரின் மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. 18 வயதைக் கடந்தவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் நிலை அதிகாரி இடம்பெறும் உள்ளூர்க் குழுவும் உண்டு. தமக்குப் பின் பிள்ளைக்கு யார் என்ற கவலைக்கு இது ஓரளவே விடை, ஏனெனில் பாதுகாவலராக முன்வர அந்தப் பிள்ளையை அறிந்த மனிதர்கள் முதலில் வேண்டும்.

பிழைக்க வந்த ஊரில் பள்ளி, கோயில், சபா, சங்கம் என எழுப்பிய மும்பைத் தமிழர், மாட்டுங்காவில் 1932-லேயே தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கியவர்கள். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழர் அமைப்புகளுக்கு உள்ள கூடங்களில் ஒவ்வொன்றும், வாரத்தில் இரண்டு மணி நேரத்தை ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்கு வாடகையின்றி ஒதுக்குமானால், படிவம் நிரப்பவும் அனுபவம் பகிரவும் ஓர் இடம் கிடைக்கும். வரும் ஆண்டின் செயற்குழுக் கூட்டங்களில் சங்க நிர்வாகிகள் இதை ஒரு தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டும்.