கேடயத்தின் மேல் ஒரு தொப்பி

அபிராமபுரத்தில் அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். மேசைமேல் பேராயரின் சுற்றுமடல் கிடந்தது. அதன் தலைப்பிலிருந்த சின்னத்தைச் சுட்டிக்காட்டி அன்பரின் பேரன், "தாத்தா, கேடயம் போர்வீரனுக்கு அல்லவா? பேராயருக்கு எதற்கு?" என்றான். அன்பர் நம்மை நோக்கினார். "சாந்தோம் வரை நடந்துகொண்டே பேசுவோம்" என்று மூவரும் புறப்பட்டோம்.

மந்தைவெளி வழியே கிழக்கு நோக்கி நடந்தோம். சிறுவன் சொன்னது மெய்யே. 12-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தலைச்சீரா வீரனின் முகத்தை மறைத்தது. ஆளை அறியக் கேடயத்தில் சிங்கமும் கழுகும் தீட்டினர். நம் வேந்தர்க்கும் இது புதிதன்று. சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல், சேரனுக்கு வில். முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலியோடு கயலும் வில்லும் உள்ளன. மற்ற இருவரையும் அடக்கினோம் என்பதே அதன் பொருள். 16-ஆம் நூற்றாண்டில் சாந்தோமில் குடியேறிய போர்த்துக்கீசியரின் அரசச் சின்னத்தில் ஐந்து சிறு கேடயங்கள் உண்டு. அவை ஆண்டவரின் ஐந்து திருக்காயங்கள் என்பது அவர்தம் மரபு. திருக்காயங்களும் போர்க் கேடயத்தில் ஏறின!

திருச்சபையும் கேடயத்தை ஏற்றது. தலைச்சீராவை மட்டும் ஏற்கவில்லை. அவ்விடத்தில் அகன்ற விளிம்புத் தொப்பியை வைத்தது. ஆயருக்குப் பச்சைத் தொப்பி, பக்கத்திற்கு ஆறு குஞ்சங்கள்; பேராயருக்குப் பத்து; கர்தினாலுக்குச் சிவப்புத் தொப்பி, பதினைந்து குஞ்சங்கள். ஆயரின் மகுடமும் கோலும் சின்னத்தில் இடம்பெற வேண்டாமென 1969-இல் உரோமை விதித்தது. கேடயத்தின் பின்னே சிலுவை நிற்கிறது.

பேராலயத்தை அடைந்தோம். 1986 பிப்ரவரி 5 அன்று இங்கு வந்து செபித்த பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், படை அலுவலர் ஒருவரின் மகன். அவரது நீலக் கேடயத்தில் வாளுமில்லை, விலங்குமில்லை. பொன்னிறச் சிலுவை, அதனடியில் மரியன்னையின் பெயர்க்குரிய முதலெழுத்து. மகனின் சிலுவையருகே நின்ற தாயை அது நினைவூட்டுகிறது.

"தாத்தா, நம் குடும்பத்திற்குச் சின்னம் உண்டா?" என்றான் சிறுவன்.

அன்பர் சற்று நேரம் பேசவில்லை. பின், "என் தகப்பனார் எழுதப் படிக்க அறியாதவர். பங்கின் திருமணப் பதிவேட்டில் பெயருக்குப் பதிலாக ஒரு சிலுவை கீறினார். அதுதான் நம் சின்னம், தம்பி" என்றார்.

நாம் அதற்குமேல் விளக்க ஒன்றுமில்லை.