மணலிற் கண்ட நெல்வயற் பூச்சி

சிறியதொரு பூச்சியும் மனிதரைப் பெரியதொரு பிழைக்கு இழுத்துச் செல்லக்கூடும் என்பதை நாங்கள் அநுபவத்தாற் கற்றோம். அதனை மறைத்து வைப்பதிற் பயனில்லை. பின்வரும் மாணவர்க்கேனும் உதவுமென்று இங்கே எழுதத் துணிந்தோம்.

2022-ஆம் ஆண்டு அக்டோபர் விடுமுறையில், விலங்கியல் வகுப்பினராகிய நாங்கள் எண்மரும் எங்கள் ஆசிரியருடன் ராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனத்துக்குப் பிரயாணமானோம். ஜைசல்மேர் நகரிலே தங்கி, முதல் நாள் வடகிழக்கே மோகன்கட் என்னும் ஊரையும், மறுநாள் மேற்கே சம் என்னும் மணற்குன்றுகளையும் சென்று பார்த்தோம். மழை மிக அருகிப் பெய்யும் நாடு அது. ஆயினும் உயிரற்ற நாடன்று. எருக்கஞ்செடியில் நீலமும் மஞ்சளும் தீட்டினாற்போன்ற வெட்டுக்கிளி அமர்ந்திருந்தது. நம் ஊர்ப் புறம்போக்குகளிலும் அதனைக் கண்டிருக்கிறோம். மணல் நிறங்கொண்ட ஸ்பிங்கோநோட்டஸ் இனத்தவை எங்கள் காலடியிலிருந்து எழும்பிப் பறந்து, சற்றுத் தொலைவில் இறங்கியவுடன் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்தன.

வலையுடன் ஓடிய எங்களைக் கண்ட முதிய ஆட்டிடையர் ஒருவர், "டிட்டி மறுபடியும் வந்துவிட்டதா, ஐயா?" என்று ஹிந்தியிற் கவலையோடு எங்கள் ஆசிரியரை வினவினார். டிட்டி என்பது படையாக வரும் பாலைவன வெட்டுக்கிளி. 2019-லும் 2020-லும் அது அந்நாட்டிற் பயிரை அழித்ததை அவர் மறக்கவில்லை. அஃது இல்லையென்று ஆசிரியர் கூறிய பின்னரே அவர் முகம் தெளிந்தது.

கல்லூரிக்குத் திரும்பியபின், பூச்சிகளை இட்டுவைத்த காகித உறைகளை ஆய்வுசாலையில் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். 'சம், மணற்குன்று' என்றெழுதிய உறை ஒன்றில், பழுப்பு நிறப் பூச்சிகளுக்கிடையே பச்சை நிறமான ஒன்று கிடந்தது. கண்ணின் பின்புறத்திலிருந்து உடலின் பக்கமாகக் கரும்பழுப்புக் கோடு ஓடிற்று. நெல்வரப்பில் நடந்தவர் எவரும் அதனை அறிவர். ஆக்ஸியா என்று நூலோர் வழங்கும் நெல் வெட்டுக்கிளி அது; வயலிலும் நீரோரப் புல்லிலும் வாழ்வது. எங்கள் கைக்கெட்டிய இடப்பட்டியல் எதிலும் அம்மணற்குன்றின் பெயர் இல்லை.

எங்கள் மகிழ்ச்சிக்கு அளவில்லை. அன்றிரவே விடுதியிற் கூடிக் கட்டுரை எழுதினோம். 'நீரின்றி வாழப் பழகிய நெற்பூச்சி' என்று தலைப்பும் இட்டோம். மறுநாள் ஆசிரியரிடம் அளித்தபோது, அவர் அதனை முற்றும் படித்தார். பின்பு பூச்சியைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, "பின்னங்காலைப் பாருங்கள்" என்றார். காலின் கீழ்ப்பகுதி நுனிப்பக்கத்தில் அகன்றிருந்தது. நீரில் விழுந்தால் நீந்துவதற்கு உதவும் துடுப்பு அது. "துடுப்பைச் சுமந்துகொண்டு மணற்குன்றில் இதற்கு என்ன வேலை? பிடித்தவர் யார்? எந்தச் செடியில்? எந்நேரத்தில்?" என்று அவர் வினவினார். எங்களில் எவரும் வாய்திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து எங்களுள் ஒருவர் தாமே ஆசிரியரிடம் சென்றார். மோகன்கட்டிற் கால்வாய்க் கரையிலே மாலையிற் பிடித்த பூச்சி ஒன்றைச் சீட்டெழுதாமல் பையில் வைத்ததாகவும், மறுநாள் கைக்கு அகப்பட்ட உறையில் அதனை இட்டதாக நினைவென்றும் கூறினார். நாங்கள் களித்ததைக் கண்டு உண்மையைச் சொல்ல நாணினாராம். நாங்கள் அவரைக் கடிந்துகொண்டோம். ஆசிரியரோ, "அவர் சீட்டெழுத மறந்தார், நீங்கள் கேட்க மறந்தீர்கள். இரண்டும் ஒரே பிழைதான்" என்றார். கட்டுரையை நாங்களே கிழித்தோம்.

ஆயினும், நினைவை மட்டும் நம்பிப் பூச்சியின் இருப்பிடத்தை மாற்றி எழுதுவதும் முறையன்று. ஆதலின் 2023 அக்டோபரில் எங்களுள் நால்வர் மறுமுறை சென்றோம். சம் மணலில் ஒரு பகல் முழுதும் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. மோகன்கட்டிலோ, கால்வாயிற் கசிந்த நீர் தேங்கிய பள்ளத்தின் ஓரப் புல்லிலே பதினொன்று கிடைத்தன. வலைக்குத் தப்பிய ஒன்று நீரிற் குதித்து, எங்கள் கண்முன்னே நீந்திச் சென்றது. இடம், நாள், நேரம், செடி யாவற்றையும் அவ்விடத்திலேயே எழுதிக்கொண்டோம்.

அந்நீர் பஞ்சாபிலே சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகே என்னும் இடத்திலிருந்து வருவது. 1958-இல் வெட்டத் தொடங்கிய இந்திரா காந்தி கால்வாய் ஏறக்குறைய 650 கிலோமீட்டர் நீண்டு ஜைசல்மேர் மாவட்டத்தை அடைகின்றது. நீர் சென்ற வழியே புல்லும் பயிரும் சென்றன. அவற்றின் வழியே பூச்சியும் சென்றிருக்கலாம். நெற்பூச்சி வறட்சியை வென்றதாக நாங்கள் எழுதியிருந்தோம். மனிதர் பாலைக்குள் கொண்டுபோன ஈரத்திலே அது குடியேறியிருந்தது என்பதே நாங்கள் கண்ட உண்மை. முதற்கட்டுரை அச்சேறியிருப்பின், எங்களுக்குப் பின் ஆராய்வோர் எத்தனை பேர் அம்மணலில் வீணே அலைந்திருப்பரோ!

அப்பதினொன்றும் இப்பொழுது எங்கள் ஆய்வுசாலைப் பெட்டியில் உள்ளன. அவற்றின் அருகே முதலிற் கிடைத்த பூச்சியும் இருக்கின்றது. 'இடம் ஐயத்திற்குரியது' என்று அதன் சீட்டில், பிடித்தவரே தம் கையால் எழுதியிருக்கிறார். புதிதாய் வரும் மாணவர்க்கு எங்கள் ஆசிரியர் முதலிற் காட்டுவது அதனையே.