நாலு பேரும் ஒரே வண்டியில்

ஜூன் பிறந்தால் பல வீடுகளில் ஒரு கட்டில் காலியாகும். தாம்பரத்தில் அந்த வீட்டில் ஒரே மாதத்தில் இரண்டு. மூத்தவளுக்கு பெங்களூரில் வேலை. இளையவனுக்கு கோவையில் கல்லூரி, ஹாஸ்டல். மே கடைசி வாரத்தில் அப்பா திடீரென்று சொன்னார்: "நாலு பேரும் கார்லயே தனுஷ்கோடி போயிட்டு வருவோம்."

திருச்சி, மதுரை வழியாகப் போனால் ஒரே நாளில் ராமேஸ்வரம் போய்விடலாம். அவர் தேர்ந்தெடுத்ததோ கிழக்குக் கடற்கரைச் சாலை. சுற்று வழிதான். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

விடியற்காலை 4 மணிக்கே அம்மா புளியோதரை கிளறிவிட்டார். வழியெல்லாம் ஹோட்டல் இருக்கிறது என்று யார் சொன்னாலும், கார் பயணத்துக்கு அதற்கு நிகர் கிடையாது. சீக்கிரம் கெடாது, ஊற ஊற ருசி கூடும்.

உண்மையைச் சொன்னால், முதல் நாள் ஒன்றும் பிரமாதமில்லை. பாட்டு விஷயத்தில் சண்டை. மகள் காதில் ஹெட்போன், மகன் கையில் செல்போன். தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையைக் காட்டி, "1620-ல கட்டினது" என்று அப்பா ஆரம்பித்தார். இருவரும் அதற்குள் செல்ஃபி எடுத்து முடித்திருந்தார்கள். அன்றிரவு வேளாங்கண்ணியில் தங்கினார்கள்.

மறுநாள் மணமேல்குடி தாண்டி, மீமிசல், தொண்டி என்று நீளும் சாலை. இருபுறமும் கருவேலம், மரங்களுக்கு நடுவே அவ்வப்போது கடல். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அங்கேதான் மகள் வாய் திறந்தாள்.

"எனக்கு பெங்களூர் போகவே பயமா இருக்குப்பா."

வீட்டில், முகத்துக்கு நேரே இதைச் சொல்லியிருப்பாளா? சந்தேகம்தான். காரில் எல்லோரும் ரோட்டைத்தானே பார்க்கிறார்கள்!

அப்பா கொஞ்ச தூரம் பேசாமலே ஓட்டினார். பிறகு, 1993-ல் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வேலைக்கு வந்த கதையைச் சொன்னார். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு அறையில் நாலு பேர். மூன்றாம் நாள் ராத்திரியே ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு எழும்பூர் பிளாட்ஃபாரத்தில் போய் நின்றிருக்கிறார். ரயில் கிளம்பியது. அவர் ஏறவில்லை.

"தைரியமா இருந்துட்டீங்களாப்பா?" என்றான் மகன்.

"தைரியம் எங்கடா? வீட்டுக்குப் போனா உங்க தாத்தாகிட்ட என்ன சொல்றதுன்னு பயம். அதான் ஏறலை."

"இத்தனை வருஷத்துல என்கிட்டகூட சொல்லலையே!" என்றார் அம்மா.

"நீ கேட்கலையே."

மகள் மெதுவாகக் கேட்டாள்: "எனக்கு முடியலைன்னா திரும்பி வந்துடலாமாப்பா?"

"தாராளமா வா. என்னை மாதிரி பிளாட்ஃபாரத்துல நின்னுட்டு இருக்காதே."

அதன்பின் ஹெட்போன் பைக்குள் போனது. தேவிபட்டினம் வரை கேள்விகள்தான்: மேன்ஷன் வாடகை எவ்வளவு, முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீங்க, அம்மாவை எப்போ பார்த்தீங்க? கடைசிக் கேள்விக்கு அம்மாவே பதில் சொன்னார். அது தனிக் கதை.

தனுஷ்கோடி எல்லோரும் அறிந்ததுதான். 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த, கூரையில்லாத தேவாலயம்; அதைத் தாண்டினால் சாலை முடிகிற அரிச்சல்முனை. நாலு பேரும் சேர்ந்திருக்கும் படம் அங்கே எடுத்த ஒன்றுதான். அதிலும் மகன் கண்ணை மூடியிருக்கிறான்.

திரும்பும்போது மதுரை வழி. மகனுக்கு 18 முடிந்து, லைசென்ஸ் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மேலூர் தாண்டி நாலுவழிச் சாலையில் அப்பா வண்டியை ஓரங்கட்டி, சாவியை அவனிடம் கொடுத்தார். அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து அவர் பின்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. முதல் பத்து கிலோமீட்டருக்கு, இல்லாத பிரேக்கை அவர் கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

"ஏங்க, காலை எடுங்க. மிதியடி கிழிஞ்சிடும்" என்றார் அம்மா.

விராலிமலை தாண்டும்போது பின்சீட்டிலிருந்து குறட்டை கேட்டது. மகள் கை நீட்டிப் பாட்டின் சத்தத்தைக் குறைத்தாள்.