தோளோடு தோள்

அயர்லாந்து மக்கள் பேச்சில் வல்லவர்கள் என்பது உலகறிந்த செய்தி. அந்நாட்டின் மேற்குப் பகுதியில், கால்வே நகரிலிருந்து கிளிஃப்டன் வரை சென்ற வழியெல்லாம் நாம் அதை நேரிற் கண்டோம். மழையைப் பற்றியும் மாட்டுச் சந்தையைப் பற்றியும் கேலிக் கால்பந்தைப் பற்றியும் ஆடவர் மணிக்கணக்கில் பேசுவர். ஆயின், 'என் மனம் நோகிறது' என்னும் சொல் மட்டும் அவர்கள் நாவில் எளிதில் எழுவதில்லை.

அன்பு இல்லையோ எனின், உண்டு. அது செயலில் ஒளிந்திருக்கிறது. நாட்டுப்புறச் சாலையில் எதிர்ப்படும் காரோட்டி ஒரு விரலை மட்டும் உயர்த்துவார், அதுவே வணக்கம். மதுச்சாலையில் நண்பர்கள் முறைவைத்து, ஒருவர் மாற்றி ஒருவர் அனைவருக்கும் வாங்கித் தருவர். முன்னாளில் புல் அறுக்கவும், அடுப்பெரிக்கச் சதுப்பு மண் வெட்டவும் அண்டை வீட்டார் கூலியின்றிக் கூடி உழைத்தனர். அவ்வழக்கத்தைக் குறிக்கும் 'மெஹல்' என்ற சொல் இன்றும் வழங்குகிறது. நண்பன் இறந்தாலோ, அவனுடைய சவப்பெட்டியைத் தோளில் தாங்குவோர், மறுபக்கம் சுமப்பவரின் தோளைக் கையால் அணைத்துக்கொள்வர். ஆண்டுக்கணக்கில் பழகியும் தழுவிக்கொள்ளாத கைகள் அன்று தழுவுகின்றன.

ஐரிஷ் மொழியில் 'நான் வருந்துகிறேன்' என்பதை, 'துயரம் என்மீது இருக்கிறது' என்றே கூறுவர். சுமையென்றால் இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டுமன்றோ? அவ்விடம் வாய்க்காமையால் நேரும் இழப்பு சிறிதன்று. தற்கொலை முயற்சி அங்கே 1993 வரை சட்டப்படி குற்றமாகவே இருந்தது. தம் உயிரை மாய்த்துக்கொள்வோரில் பெரும்பாலோர் ஆடவரே.

இந்நிலையில் ஆறுதல் தருபவை 'ஆடவர் பட்டறைகள்'. ஆஸ்திரேலியாவில் தோன்றிய இம்முறையைப் பரப்ப அயர்லாந்தில் 2011-இல் ஒரு சங்கம் அமைந்தது. இன்று நாடெங்கும் 400-க்கு மேற்பட்ட பட்டறைகள் உள்ளன. ஓய்வுபெற்றோரும் மனைவியை இழந்தோரும் அங்கே கூடி மரவேலை செய்வர், தேநீர் அருந்துவர். எதிரே அமர்ந்து வினவினால், 'குறையொன்றுமில்லை' என்பதே விடை. அருகருகே நின்று ஒரே பலகையை இழைக்கும்போதோ, கண் பலகைமேல் இருக்க, மருத்துவர் கூறிய செய்தியும் மறைந்த மனைவியின் நினைவும் மெல்ல வெளிவரும்.

தொலைபேசியில் 'சாப்பிட்டாயா?' என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளும் தந்தையர் நம் குடும்பங்களிலும் உண்டு. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது அவரைக் கேள்விகளால் துளைக்க வேண்டா. அவர் தோட்டத்தில் கிளை நறுக்குகையில் உடன் நின்று கைகொடுப்போம். பேச்சு தானே வரும்.