காது இரைச்சலும் ஒரு சண்டிலிப்பாய்ப் பயணமும்

2017ஆம் ஆண்டு நோன்பில் ஓரிரவு ஸஹருக்கு எழும்பினேன். வீட்டில் எல்லோரும் உறக்கம். சமையலறையில் பிரிஜ் இரைகிறது என்று நினைத்துப் போய் பிளக்கைக் கழற்றினேன். சத்தம் நிற்கவில்லை. முற்றத்துக்கு வந்தேன். அங்கேயும் அதே 'ங்ஙீ' என்ற இரைச்சல். அது என் காதுக்குள்ளேதான் இருக்கிறது என்று விளங்கியபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

இந்த வருத்தம் உள்ள சகோதரிகளுக்கு மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. பகலில் பிள்ளைகளின் கூச்சலிலும் சட்டி பானைச் சத்தத்திலும் அது மறைந்திருக்கும். தலையணையில் தலை வைத்ததும் தொடங்கிவிடும். எனக்குப் பெருங்கவலை தொழுகைதான். தக்பீர் கட்டியதும் மனம் ஓதலில் நில்லாமல் காதுக்குள் ஓடும். எத்தனையாவது ரக்அத் என்று தெரியாமல் அழுதுகொண்டு ஸலாம் கொடுத்த நாட்களும் உண்டு.

கொழும்பில் காது டொக்டர் ஒருவர் சோதித்தார். அழுக்கு இல்லை, சவ்வில் ஓட்டை இல்லை, கூரிய சத்தங்களைக் கேட்கும் சக்தி மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார். "பழகிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார். எப்படிப் பழகுவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு, மூன்றே அமர்வில் ஹிப்னாடிசத்தால் சத்தத்தை நிறுத்துவதாக விளம்பரம் போட்டிருந்த ஒருவரிடம் போனேன். அவர் கண்ணுக்கு முன்னால் ஒரு பதக்கத்தை ஆட்டி, "இனி உனக்குக் கேட்காது" என்றார். சிறுகச் சிறுகச் சேர்த்த காசு போனதுதான் மிச்சம். "வசியம் செய்யிறவன்ட வாசல்ல போய் ஏன் நின்டாய்?" என்று மாமி ஏசினார். 'மனோவசியம்' என்ற பெயரே அவருக்குப் பிடிக்கவில்லை. சொல்லப்போனால் எனக்கும்தான்.

அப்போதுதான் சண்டிலிப்பாய்த் தோழியின் நினைவு வந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒரே வகுப்பு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எங்கள் முஸ்லிம் வட்டாரத்தையே காலி செய்யச் சொன்ன அன்று, அவளுக்குச் சொல்லிக்கொள்ளக்கூட நேரம் கிடைக்கவில்லை. வாப்பாவின் தையற்கடை, மெஷினில் பாதி தைத்த சட்டை, எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் புத்தளத்துக்கு வந்தோம். 2002இல் பாதை திறந்த பிறகுதான் அவளை மறுபடி கண்டேன். அன்றைக்கே சொன்னாள், தன் காது பன்னிரண்டு மாதமும் இரைகிறது என்று. 1995 ஜூலை 9ஆம் திகதி பக்கத்து ஊரான நவாலியில் சென் பீற்றர்ஸ் தேவாலயத்தின் மீது விமானம் குண்டு போட்டு, அங்கே தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அந்த நாளில் தொடங்கிய சத்தம் அது. அப்போது அவள் சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை. தனக்கு வந்தால்தானே தெரிகிறது.

2018 ஓகஸ்டில் அவள் வீட்டுக்குப் போனேன். மானிப்பாயால் போகிற வழி. 1848இல் டொக்டர் சாமுவேல் கிறீன் அங்கே மருத்துவமனை தொடங்கி, பிறகு தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர் என்று ஆட்டோவில் போகும்போது தோழி சொல்லிக்கொண்டு வந்தாள். என் மனம் அதில் இல்லை. அவளுக்கு உதவிய ஓய்வுபெற்ற டொக்டரம்மா அன்று மாலை வருவதாக இருந்தது.

டொக்டரம்மா முதலில் என் காதுச் சோதனைத் தாளைப் பார்த்தார். ஒரு காதில் மட்டுமா? நாடித் துடிப்போடு சேர்ந்து அடிக்கிறதா? தலை சுற்றுகிறதா? காது திடீரென்று அடைத்ததா? "இதில் ஒன்றுக்கு ஓம் என்றாலும் நான் தொடமாட்டன், திரும்ப ஆஸ்பத்திரிக்குத்தான்" என்றார். பெரிய அளவில் அஸ்பிரின் விழுங்கினாலும் காது இரையுமாம். அந்த விளம்பரக்காரர் இதில் ஒன்றையேனும் கேட்டிருந்தாரா என்று நினைத்துப் பார்த்தேன்.

பிறகு விளங்கப்படுத்தினார். உட்காதில் நத்தை ஓடு போன்ற சுருளுக்குள் மிக நுண்ணிய மயிர்க் கலங்கள் இருக்கின்றன. வெடிச்சத்தத்தாலோ வயதாலோ அவை பழுதானால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. அங்கிருந்து வரவேண்டிய செய்தி வராதபோது மூளை தன் சத்தத்தைக் கூட்டி வைக்கிறது. ஸ்டேஷன் பிடிபடாத ரேடியோவில் வொலியூமைத் திருகினால் 'ஸ்ஸ்' என்று இரையுமே, அதுபோல. அதைக் கேட்டுப் பயந்தால், மூளை அதை ஆபத்தின் சத்தமாகக் குறித்துவைத்து இன்னும் கவனிக்கும். "நீர் ராத்திரி முழுக்க அதுக்குக் காவல் இருக்கிறீர்" என்றாள் தோழி. அவள் சொன்னது சரிதான்.

ஹிப்னாடிசம் அந்தச் சத்தத்தை நிறுத்தாது, பயத்தைத்தான் தளர்த்தும் என்று டொக்டரம்மா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அதற்கிருக்கும் ஆய்வுகள் சிறியவை. எண்ணங்களை மாற்றிப் பழக்கும் உளவியல் சிகிச்சைக்குத்தான் கூடுதலான ஆதாரம் உண்டு. 2014இல் அமெரிக்கக் காது வைத்தியர்களின் வழிகாட்டியும் அதையே பரிந்துரைத்தது. "அதையும் சேர்த்துத்தான் செய்வம்" என்றார்.

மாமியின் பயத்தையும் அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. அது உறக்கமுமல்ல, மயக்கமுமல்ல, வேண்டாம் என்றால் நடுவிலேயே எழுந்து போகலாம் என்றார். 'அறிதுயில்' என்ற சொல்தான் பொருத்தமாம். வட இலங்கைக்கு இது புதிதுமல்ல. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர், பேய் பிடித்தவர்கள் என்று கொண்டுவரப்பட்ட பலரை இதனால் சுகப்படுத்தினார். கடவுளை மறுத்த அவருடைய கொள்கையில் நமக்கு உடன்பாடு இல்லை, அது வேறு. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், அவரவர் மதத்தில் பழகிய சொல்லையே மெல்லத் திருப்பிச் சொல்லவைத்து மனத்தைத் தளர்த்தும் பயிற்சி கொடுத்தவர். முஸ்லிம்களுக்கு அது திக்ர். இதைக் கேட்டதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

தோழி பக்கத்தில் இருக்க, சாய்கதிரையில் கண்ணை மூடினேன். கால் விரலிலிருந்து நெற்றிவரை ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொன்னார். மூச்சோடு "ஸுப்ஹானல்லாஹ்" சொல்லிக்கொண்டிருந்தேன். "சின்ன வயசில உமக்குப் பிடிச்ச சத்தம் ஒன்று சொல்லும்" என்றார். யோசிக்காமலே வாயில் வந்தது: வாப்பாவின் தையல் மெஷின். "அப்ப இந்த இரைச்சல் அந்த மெஷின்தான். வாப்பா தைக்கிறார். நீர் வாசலால இறங்கித் தெருவில நடவும். ஒரு வீடு தாண்டும். இன்னொரு வீடு..." என்றார். நடந்தேன். இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு எங்கள் தெருவில் நடந்தேன். சத்தம் நிற்கவில்லை, பின்னால் தூரத்துக்குப் போனது. கண்ணைத் திறந்தபோது முகமெல்லாம் ஈரம்.

"எனக்கு அது பொம்பர்" என்றாள் தோழி, இரவு பாயில் படுத்துக்கொண்டு. "அதைக் கிணற்றுக் கப்பிச் சத்தமாக்க எனக்கு ரெண்டு வருசம் எடுத்தது. இப்பவும் ஜூலையில கொஞ்சம் கூடத்தான்." அவளை முன்பே கேட்டிருக்கவேண்டிய கேள்விகளை அன்றைக்குத்தான் கேட்டேன்.

பத்து நாள் இருந்தேன். ஆறு முறை டொக்டரம்மா வந்தார். கடைசியில் நானே செய்யப் பழக்கினார். முழு அமைதியில் படுக்கவேண்டாம், மேசை விசிறியாவது ஓடட்டும் என்றார். அங்கே விசிறி தேவைப்படவில்லை. வளவுப் பனைகளின் ஓலைச் சரசரப்பே போதுமாயிருந்தது.

புத்தளத்துக்குத் திரும்பியதும் மாமி வாசலிலேயே கேட்டார். "சத்தம் போயிட்டா மகள்?"

"இல்ல மாமி. இருக்குது."

"அப்ப ஏன் சிரிக்கிறாய்?"

இதை எழுதும்போதும் கேட்கிறது. சில இரவுகளில் இன்னும் கிட்டவே வந்துவிடும். அப்போது எழுந்து வுழூச் செய்துகொண்டு வந்து, விசிறியைப் போட்டுவிட்டு, வாப்பாவின் கடை வாசலிலிருந்து மறுபடி நடக்கத் தொடங்குவேன். அநேகமாக மூன்றாவது வீட்டைத் தாண்டுமுன் உறங்கிவிடுகிறேன்.