பச்சை முட்டையும் ஐம்பது சொற்களும்

பச்சை நிற முட்டையும் பன்றி இறைச்சியும்! பெயரைக் கேட்டதுமே சைவ வீட்டார் முகஞ்சுளிப்பர். கதையோ அதனினும் அசட்டுத்தனமானது. சாம் என்னுஞ் சிறு உருவம் அந்தத் தட்டை ஏந்தியவாறு ஒருவனைத் துரத்துகிறது. வீட்டிலே, புகைவண்டியிலே, ஓடத்திலே, எலியுடன், நரியுடன், ஆட்டுடன் உண்பாயா என நச்சரிக்கிறது. அவன் மறுத்துக்கொண்டே இருக்கிறான். ஈற்றில் தொல்லை தாளாது ஒரு வாய் உண்கிறான், பிடித்துவிடுகிறது. இவ்வளவே கதை.

1960 இல் அமெரிக்காவில் இதனை எழுதிப் படமும் வரைந்தவர், டொக்டர் சூஸ் என்னும் புனைபெயர் கொண்ட தியோடர் கைசல். 50 சொற்களுக்குள் ஒரு நூல் எழுத முடியாதென்று பதிப்பாளர் பென்னற் சேவ் அவருடன் 50 டொலர் பந்தயம் கட்டினாராம். நூலில் உள்ளவை சரியாக 50 சொற்கள். அவற்றுள் ஒன்றே ஓரசையைக் கடந்தது.

பள்ளி வாசிப்பு நூல்களில் வரும் பிள்ளைகள் இயல்புக்கு மாறான நல்லொழுக்கமும் தூய்மையும் உடையவர்கள் என்று, 1954 இல் ஜோன் ஹேர்சி என்னும் எழுத்தாளர் 'லைஃப்' சஞ்சிகையிற் கண்டித்திருந்தார். அத்தகைய நூலை ஆசிரியர் ஏவினாலன்றிப் பிள்ளை திறவாது. முட்டைக் கதையிலோ, அடுத்த பக்கத்தில் எந்த விலங்கு வருமோ என்னும் ஆவல் எழுத்துக்கூட்டும் அலுப்பை விழுங்கிவிடுகிறது. வாசிக்கத் தெரிந்தும் வாசியாத பட்டதாரிகளை நிறையக் கண்டவன் நான். ஆதலின் இவ்வாவலை அற்பமென்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை.

"இதில் என்ன ஐயா படிப்பினை?" எனப் பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. "பிள்ளை கடைசிப் பக்கம்வரை தானாகவே வந்ததா?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.