வெயில் ஊருக்கு எந்தத் திராட்சை?

இனிப்பைப் பார்த்து ரகம் தேர்ந்தெடுப்பது குளிர்ந்த ஊர்க்காரர்களுக்குச் சரி. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர், சாங்லி பக்கம் மார்ச் வெயிலில் எந்தக் கொடியும் சர்க்கரை சேர்த்துவிடும். சர்க்கரை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 18 பிரிக்ஸ் காட்டினால் அது பெரிய சாதனை இல்லை. வெயில் எதைப் பிடுங்கிக்கொண்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும்: நிறம், புளிப்பு, கடிக்கும்போது வரும் மொறுமொறுப்பு, காம்பின் பச்சை.

*

நிறம். சிவப்பும் கருப்பும் ஆந்தோசயனின் தருவது. 35 டிகிரிக்கு மேல் அது சரியாக உருவாகாது, உருவானதும் சிதையும். இரவும் புழுங்கினால் கேட்கவே வேண்டாம். கிரிம்சன் சீட்லெஸ் 1989இல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் வெளியான ரகம். பிறந்த ஊரே வெயில் ஊர்தான், ஆனாலும் சூடு கூடினால் வெளிறிய இளஞ்சிவப்போடு நின்றுவிடும். எத்திபான் என்ற மருந்தைத் தெளித்து நிறம் ஏற்றுவார்கள். அளவு மிஞ்சினால் பழம் தொளதொளத்துப்போகும். சிவப்பு ரகத்தைச் சோதிப்பவர்கள் மருந்தே படாத ஒரு வரிசையும் விட்டுவைப்பது நல்லது.

*

பச்சைக்கு இந்தத் தலைவலி இல்லை. தாம்சன் சீட்லெஸும், அதிலிருந்து பிரிந்த தாஸ்-ஏ-கணேஷ், சோனாக்கா போன்றவையும் மகாராஷ்டிரத்தில் ஊன்றிவிட்டதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று: விலை விழுந்தால் பழத்தை உலர்த்திவிடலாம். தாஸ்காவ் பக்கம் உலர்திராட்சை தனித் தொழிலாகவே நடக்கிறது.

*

புளிப்பு. சூட்டில் மாலிக் அமிலத்தைக் காயே சுவாசித்துத் தீர்த்துவிடும். அப்புறம் பழம் சர்க்கரைத் தண்ணீர். பிரிக்ஸை மட்டும் எழுதிவைத்த சோதனை ஏடு பாதி ஏடு.

*

நாள்கணக்கும் ஒரு குணம்தான். பஞ்சாப், ஹரியானாவில் பெர்லெட் பரவியது ருசிக்காக மட்டுமல்ல. பருவமழைக்கு முன், ஜூனிலேயே பழுத்துவிடுவதால். 1946இல் கலிபோர்னியாவின் டேவிஸில் ஹெரால்ட் ஓல்மோ வெளியிட்ட ரகம் அது. கொத்து நெருக்கம் அதன் குறை. பிஞ்சு கலைக்க ஆள் கூலி எவ்வளவு என்பதையும் ஏட்டில் சேர்க்க வேண்டும்.

*

வேரைச் சொல்லாமல் ரகத்தைப் பேசக் கூடாது. உப்புத் தண்ணீர், வறட்சி இரண்டையும் தாங்க டாக்ரிட்ஜ் வேரில் ஒட்டுக் கட்டுகிறார்கள். ஆனால் கொடி மிதமிஞ்சித் தழைத்தால் மொட்டில் கொத்து குறையும். ஏப்ரல் கவாத்துக்குப் பின் துளிர்க்கும் குச்சியின் மொட்டுக்குள்தான் அக்டோபர் கவாத்துக்குப் பின் வெளிவரும் கொத்து உருவாகிறது. ஆக, தை, மாசியில் பழம் பார்க்க மட்டும் தோட்டத்துக்குப் போகிறவருக்கு விளைச்சல் ஏன் குறைந்தது என்பது புரியாது.

*

கொத்தின் மேற்குப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவும். பிற்பகல் வெயில் பட்ட காயில் பழுப்புத் தழும்பு விழுந்திருக்கும். பந்தலில் இலை நிழல் காக்கும். ஒய் வடிவக் கம்பியில் சோதிக்கும் ரகத்துக்குப் போதிய இலை உண்டா என்று எண்ண வேண்டும்.

*

கம்பத்துப் பன்னீர் திராட்சையை இந்த அளவுகோலில் நிறுத்துவது நியாயமில்லை. மெல்லிய தோல், விதை, நிறைந்த சாறு, மணம். பக்கத்துக் கேரளச் சந்தைக்கு அது போதும். கடல் தாண்டும் பழத்துக்குக் கேள்விகள் வேறு.

*

கடைசிச் சோதனைக்குக் கருவி வேண்டாம். பறித்த கொத்தை ஒரு நாள் வெளியில் வைத்து, காம்பைப் பிடித்து ஓர் உலுக்கு. உதிர்ந்ததை எண்ணி, காம்பு காய்ந்துவிட்டதா என்று குறித்துக்கொள்ளலாம். நல்ல வருஷத்துப் பழத்தை வைத்து மட்டும் ரகத்துக்கு மார்க் போடக் கூடாது. வெயில் கொளுத்திய வருஷத்தில் எத்தனை பெட்டி தேறியது என்பதே கணக்கு.